சலுகைச் சீட்டும் நம் கணக்கும்

சலுகைச் சீட்டை நம்மவருள் பலர் இனாமென்று எண்ணி மகிழ்கின்றனர். அஃது இனாமன்று, வியாபாரியின் கணக்கு. அதை நாமும் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

இன்று செல்வர் வாழும் பங்சார், முன்னாளில் ரப்பர்த் தோட்டம். 'புங்கே-கிரிசார்' என்னும் தோட்டப் பெயரே அவ்வாறு திரிந்ததென்பர். அந்நாளில் பல தோட்டங்களில் பாட்டாளி பற்றெழுதியே உண்டான். பற்றுப் புத்தகமோ கடைக்காரர் கையில் இருந்தது. இன்று சீட்டு நம் கையிலேயே இருக்கிறது. கணக்கு மட்டும் இன்னும் அவரிடமே இருக்கலாமா?

'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது பாதி விலையன்று. மூன்றிலொரு பங்கே குறைவு. '50 வெள்ளிக்கு வாங்கினால் 5 வெள்ளி தள்ளுபடி' என்னும் சீட்டை எடுத்துக்கொள்வோம். 38 வெள்ளிச் சாமான் போதுமான குடும்பம், சீட்டுக்காக 50 வெள்ளிக்கு வாங்கினால் 45 கொடுக்கிறது. மிச்சமென்று நினைத்தது 7 வெள்ளி அதிகச் செலவன்றோ?

2025 ஆகஸ்டு 31 முதல், 18 வயது நிறைந்த குடிமக்களுக்கு அரசாங்கம் வழங்கிய 100 வெள்ளி 'சாரா' உதவிக்கு அடையாள அட்டையே சீட்டாயிற்று. குறித்த கடை, குறித்த பண்டம், டிசம்பர் 31 வரை கெடு. செலவழியாத மீதி கைக்கு வாராது. எச்சீட்டாயினும் இம்மூன்றையும் முதலில் கேளுங்கள்: எந்தக் கடை? எந்தப் பண்டம்? எந்நாள் வரை? பின்னர், 'சீட்டில்லாவிடினும் இதை வாங்குவேனா?' என்று உங்களையே கேளுங்கள்.

நம்மவர் கணக்கறியாதவரல்லர். செக்ரோலில் அரை நாள் பேர் விடுபட்டாலும் அன்று மாலையே கிராணியாகிய என்னிடம் வந்து கேட்கும் தாய்மாரை நான் அறிவேன். அதே உரிமையோடு அவர்கள் கடை ரசீதையும் படித்துக் கேட்பாராக.