பின்வாசல் கோழிகள்

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும். பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். முகப்பைப் பார்க்கத்தான் கோட்டையூருக்கும் கானாடுகாத்தானுக்கும் வெளியூர்க் கார்கள் வருகின்றன. பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல்லும் நிலையில் செதுக்கிய கஜலட்சுமியும் அந்தப் பக்கம். பின்வாசல் பக்கம் கிணறு, விறகு அடுக்கிய சாய்ப்பு, உடைந்த உரல், ஒரு கொய்யா மரம், கோழிகள். கோட்டையூரில் நான் குடியிருக்கும் மாடியறையின் ஜன்னல் அப்படியொரு பின்வாசலைப் பார்த்துத் திறக்கிறது.

வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைக் கூட்டிப் பெருக்கி, அந்தியில் விளக்கேற்றி வைப்பவர் எழுபதைத் தாண்டிய ஒரு மனுஷி. தெருவே அவரை அப்பத்தா என்றுதான் கூப்பிடுகிறது. மகன் குடும்பம் திருப்பூரில். முன்கதவு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும். பின்கட்டில் மட்டும் விடியற்காலையிலிருந்து பேச்சுச் சத்தம் ஓயாது. அவ்வளவும் கோழிகளோடு பேசுகிற பேச்சு.

பஞ்சாரத்தின் மேல் பாரத்துக்கு வைத்த குழவியை இறக்கிவிட்டு, ஒரு ஓரத்தை மெல்லத் தூக்குவார். வெளியே வரும் பெட்டை ஒவ்வொன்றையும் பிடித்துக் கக்கத்தில் இடுக்கி, சுண்டுவிரலால் பின்பக்கம் தொட்டுப் பார்ப்பார். முட்டை தட்டுப்பட்டால் அவளுக்கு அன்று ஊர்சுற்ற அனுமதி கிடையாது. “இட்டுட்டுப் போடி” என்ற அதட்டலோடு மறுபடி பஞ்சாரத்துக்குள் போய்விடுவாள். தட்டுப்படாதவள் நொய்யரிசிக்கு ஓடலாம். அந்த விரல் பொய்த்து நான் பார்த்ததில்லை. செவலை மட்டும் இந்தச் சோதனைக்கு அகப்பட மாட்டாள். பொழுது சாய்ந்ததும் கொய்யா மரத்தில் ஏறி அடைந்துகொள்வாள். அப்பத்தா எழுந்திருக்கும் முன் இறங்கித் தெருவோடு போய்விடுவாள். “ஊர்சுத்தி, ஊர்சுத்தி” என்று தினம் ஏச்சு விழும். அந்த ஏச்சில் கொஞ்சம் பெருமையும் கலந்திருக்கும்.

எல்லாம் சிறுவிடைக் கோழிகள். உடம்பு சின்னது, கால் சுறுசுறுப்பு, தன் இரையைத் தானே கிளறித் தேடிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் அவயத்துக்கு உட்கார்ந்துவிடும். நாமக்கல் பண்ணைக் கோழி வருஷத்துக்கு முந்நூறுக்கு மேல் இடுகிறது. தன் முட்டைமேல் ஒரு நாளும் உட்கார்வதில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக்கு மேற்பட்ட கோழிகளோடு தமிழ்நாடு இந்தியாவிலேயே முதலிடத்தில் நின்றது. அதில் பெரும்பங்கு பண்ணைக் கோழிகள். கருவாச்சி, செவலை, கழுத்தறுத்தான் என்று கூப்பிடப்படும் கோழிகளின் பேரை எந்தக் கணக்கும் எழுதிக்கொள்வதில்லை.

கருவாச்சிக்கு இறகெல்லாம் கறுப்பு, கால் மட்டும் நல்ல மஞ்சள். உலகத்துக் கோழிகளுக்கெல்லாம் மூதாதை செங்காட்டுக் கோழிதான் என்றாலும், மஞ்சள் தோலுக்கான மரபணு நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-இல் ஓர் ஆய்வு காட்டியது. அதைப் படித்த பிறகு, அவள் குப்பையைக் கிளறும்போது என் கண் அந்தக் கால்களுக்குத்தான் போகிறது.

கார்த்திகைத் தீபத்தன்று கருவாச்சியை அவயத்துக்கு வைத்தார். அகலமான மண்சட்டியில் பாதிக்கு மணல், மணல்மேல் வைக்கோல், அதில் பதினொரு முட்டை. ஓரத்தில் ஒரு கரித்துண்டும் துருப்பிடித்த ஆணியும் காய்ந்த மிளகாயும். இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகாமல் இருக்க அந்த மூன்றும் காவல். நாளையும் கணக்குப் பார்த்தே தேர்ந்திருந்தார். தீபத்திலிருந்து 21-ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. 21 நூலிழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இட்டுக்கொள்வார்கள். கோழி முட்டை பொரிக்கவும் 21 நாள். “ஆச்சி இழை எடுக்குற அன்னைக்கு எனக்குக் குஞ்சு எடுக்கணும்” என்று பால்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மூன்று வாரம் கருவாச்சி வேறு பிறவி. நாளைக்கு ஒரு முறை இறங்கி, அவசர அவசரமாக நாலு வாய் தின்று, தண்ணீர் குடித்து, புழுதியில் ஒரு புரளல் புரண்டு, சூடு ஆறும் முன் திரும்பிவிடுவாள். கிட்டப் போனால் உடம்பு முழுக்கச் சிலிர்த்து இரண்டு மடங்காகத் தெரிவாள். ஒரு வாரம் கழிந்த ராத்திரி, அப்பத்தா முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நரம்போடியவை சட்டிக்குத் திரும்பின. கூமுட்டை இரண்டும் கொல்லைக் குழிக்குப் போயின.

நோன்பன்று வீட்டுக்காரர்கள் வந்திருந்தார்கள். வீட்டுக்கார ஆச்சிக்கு ஒரே கண்டிப்பு, கோழி வளவுக்குள் கால் வைக்கக் கூடாது. அந்தக் கண்டிப்பு பேரப்பிள்ளைகளைத் தடுக்கவில்லை. காலையிலிருந்து பின்கட்டிலேயே கிடந்தார்கள். பின்வாசல் திறந்திருந்ததால் நானும் இறங்கிப் போய்ச் சற்றுத் தள்ளி நின்றேன். சட்டியில் ஒரு முட்டை லேசாக அசைந்தது. ஓட்டில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. உள்ளிருந்து ஒரு சின்ன அலகு. அதன் நுனியில் உப்புக்கல் அளவு வெள்ளைப் புள்ளி. ஓட்டை உடைப்பதற்கென்றே முளைக்கிற அந்தப் புள்ளி சில நாளில் உதிர்ந்துவிடும். குஞ்சு உள்ளிருந்து கீச்சிட, கருவாச்சி தொண்டைக்குள்ளேயே பதில் சொன்னாள். ஒரு பையன் ஓட்டைப் பிய்த்து உதவப் போனான். “தொடாதய்யா, அதுவா வந்தாத்தான் பிழைக்கும்” என்று அப்பத்தா கையைப் பிடித்துக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எட்டுக் குஞ்சு. ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது.

காரைக்குடிச் செம்மண்ணில் கரையானுக்குப் பஞ்சமே இல்லை. நிலைக்கதவைத் தின்கிறது என்று வீட்டுக்காரர்கள் மருந்தடிக்கிற அதே கரையான், அப்பத்தாவுக்குக் குஞ்சுத் தீனி. ஒரு பழைய பானையில் ஈரச் சாணியும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, மதிலோரம் புற்று இருக்குமிடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைப்பார். காலையில் நிமிர்த்தினால் பானை வெள்ளையாக நெளியும். அதைக் குஞ்சுகள் நடுவே தட்டுவார். எட்டும் சத்தமில்லாமல் கொத்தும். ஒன்று ஏறி இன்னொன்றின் முதுகில் நின்று கொத்தும். கருவாச்சி ஒன்றுகூடத் தின்ன மாட்டாள். அலகில் எடுத்து எடுத்துக் கீழே போட்டுக் கூப்பிடுவாள். அப்பத்தா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, தின்று தீரும்வரை நிற்பார். ஒரு நாளில் அவர் சும்மா நிற்கிற நேரம் அது மட்டும்தான்.

தை மாதம் பருந்து வரத் தொடங்கியது. தரையில் கீரியோ பூனையோ வந்தால் கோழி போடும் சத்தம் ஒன்று. மேலே நிழல் ஓடினால் போடும் சத்தம் முற்றிலும் வேறு. ஜன்னலில் இருந்தபடியே எனக்கு அது பிடிபட்டுவிட்டது. அந்த இரண்டாவது சத்தம் எழுந்தால் குஞ்சுகள் இருந்த இடத்தில் இருக்காது. தாயின் வயிற்றுக்கடியில் கால்கள் மட்டும் தெரியும். ஒரு நாள் ஒன்று பிந்திவிட்டது. பருந்து அதை எடுத்துக்கொண்டு தென்னைக்கு மேலே போனபோது அப்பத்தா விளக்குமாற்றோடு தெரு முனைவரை ஓடினார். “ஒன் ரெக்கை முறிய! ஒன் கூடு எரிய!” அன்று முழுக்க ஏச்சு. கிணற்றில் நீர் இறைக்கும்போதும், பாத்திரம் துலக்கும்போதும், ராத்திரி கதவடைக்கும்போதும் ஏச்சு. பார்த்தவர் கேட்டவரிடமெல்லாம் சொல்லி மாளவில்லை. மறுநாள் தெளிந்துவிட்டார்.

இதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. கோழி சாகும் விதத்துக்குத் தக்கபடி அப்பத்தாவின் துக்கமும் மாறும். பருந்துக்குக் கொடுத்தால் வாய் ஓயாது. கீரி பிடித்தால் ஏச்சு பாதிதான். மிச்சக் கோபம் பஞ்சாரத்து ஓட்டையைக் கம்பி போட்டுக் கட்டுவதில் போய்விடும். வியாபாரியிடம் விற்றால் துக்கமே இல்லை. காசை எண்ணி முந்தியில் முடிந்துகொள்வார். “செவ்வாக்கிழமை திருப்புவனம் சந்தையில இதுக்கு என்ன வெல போகும்னு எனக்குத் தெரியாதாக்கும்?” என்று அவனிடம் கடைசிப் பத்து ரூபாய்வரை கறந்துவிடுவார்.

கருப்பருக்கு நேர்ந்துவிட்ட சேவலின் கதை வேறு. பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது வேண்டிக்கொண்டது. செம்புக் கழுத்தும் கரும்பச்சை வாலுமாக வளர்ந்து நின்றது. அடுப்படிவரை வரும், உலர்த்திய நெல்லில் ஏறி நிற்கும், யாரும் கல்லெடுக்க முடியாது. “சாமி சேவல்” என்ற ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கிவிடும். மாசிச் சிவராத்திரிக்கு முன் மகன் குடும்பம் வந்து இறங்கியது. அப்பத்தாவே மஞ்சள் தண்ணீர் கரைத்து அதைக் குளிப்பாட்டினார். தலையில் தண்ணீர் தெளித்து, அது உடம்பை உதறும்வரை எல்லோரும் காத்து நின்றார்கள். உதறினால்தான் சாமி ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். உதறியது. அப்பத்தா கும்பிட்டார், கண் கலங்கவில்லை. மறுநாள் பின்கட்டில் பந்தி. மிளகும் கல்பாசியும் சேர்த்து அரைத்த மசாலா வாசனை என் அறைவரை ஏறியது. உலகமெங்கும் ஓட்டல் பலகைகளில் ‘செட்டிநாடு’ என்று எழுதி விற்கிற குழம்பு இந்தப் பக்குவத்தின் பேரில்தான் விற்கிறது. பேரனுக்கு ஈரலைத் தேடி எடுத்து வைத்தார். எல்லோரும் எழுந்த பிறகு தன் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். மருமகள் கரண்டியோடு வந்தபோது கையால் தட்டை மூடினார். “நான் வளத்ததை நான் திங்கிறதில்ல, தெரியும்ல?” மருமகள் வற்புறுத்தவில்லை.

பங்குனியில் கடைசி வீட்டுக்காரி சந்தையிலிருந்து ஒரு சேவல் வாங்கிவந்தாள். மூன்றாம் நாள் அது இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தூங்கி விழுந்தது. அந்த வாரமே அப்பத்தாவின் கழுத்தறுத்தானும் ஓரமாக ஒதுங்கி நின்றது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல். அடுத்த நாள் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது. வெள்ளைக் கழிச்சல். 1920-களில் குமாவுன் மலையூரான ராணிகேத்தில் கண்டறிந்ததால் நம் மருத்துவர்கள் ராணிகேத் நோய் என்கிறார்கள்; இங்கிலாந்தில் கண்ட ஊரை வைத்து வெளிநாட்டார் நியூகாசில் என்கிறார்கள். வந்த பிறகு மருந்து கிடையாது, வருமுன் போடும் தடுப்பூசிதான். பிப்ரவரியில் கால்நடைத் துறையினர் முகாம் நடத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வாரம் அப்பத்தா திருப்பூரில், பேரனின் காதுகுத்தில் இருந்தார்.

சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் வாயிலும் ஊட்டினார். கருவாச்சி கடைசியாக விழுந்தாள். பத்து நாளுக்குள் பஞ்சாரம் காலி. கழிச்சல் தொடங்கியதும் மிச்சத்தை அறுத்துத் தின்கிறவர்கள் உண்டு, வியாபாரி தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. வியாபாரி அந்த வாரமும் வண்டியில் வந்து மணியடித்தான். அப்போது இன்னும் நான்கு உயிரோடு இருந்தன. “ஒண்ணுமில்லப்பா, போ” என்று கதவைச் சாத்தினார். ஒவ்வொன்றையும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார். ஒரு ஏச்சு இல்லை. பருந்தை ஏசலாம், கீரியை ஏசலாம். கழிச்சலை ஏச அவருக்கு வாய் வரவில்லை. கடைசி வீட்டுக்காரியோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டார். செவலையையும் காணவில்லை, தெருவில் எங்கோ விழுந்து கிடப்பாள் என்று அவர் தேடக்கூட இல்லை. கொல்லை முழுக்கச் சுண்ணாம்பு தூவி, பழைய பஞ்சாரத்தைக் கொளுத்தினார். அந்த நாட்களில் விடியும்போது எழும் பேச்சுச் சத்தம் இல்லாமல், நான் நேரம் தெரியாமல் தூங்கினேன்.

சித்திரை பிறந்து ஒரு காலை. பக்கத்தில் ஆளில்லாத வீட்டின் இடிந்த வண்டிக்கொட்டகையிலிருந்து செவலை வந்தாள். இளைத்து, கொண்டை வெளுத்து, நடை மட்டும் குறையாமல். பின்னால் ஒன்பது குஞ்சுகள். ஊர்சுற்றி அங்கே களவாக முட்டையிட்டு, தானே அவயம் உட்கார்ந்திருக்கிறாள். மற்றக் கோழிகளை விட்டு விலகிக் கிடந்ததால்தான் பிழைத்தாள்.

அப்பத்தா கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு தொடங்கினார். “எங்கடி போயிருந்த, எடுபட்ட சிறுக்கி? சொல்லிட்டுப் போகத் தெரியாதா ஒனக்கு? நான் இங்கிட்டு ஒத்தையில கெடந்து…” குரல் உடைந்தது. ஏச்சு நிற்கவில்லை. ஏசிக்கொண்டே உள்ளே ஓடி நொய்யரிசி அள்ளிவந்தார். ஏசிக்கொண்டே அவளைத் தன் கொல்லைக்குள் விடாமல் மறித்து, கொட்டகைக்கே திருப்பி ஓட்டினார். கழிச்சல் வந்த மண்ணில் அந்தக் கால்கள் படக் கூடாது.

அன்றே கால்நடை மருந்தகத்துக்கு நடந்து போனார். குஞ்சுக்குக் கண்ணில் விடும் சொட்டு மருந்து உண்டு. ஒரு குப்பி நூறு குஞ்சுக்குக் காணும். கலக்கிவிட்டால் பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டும், மிச்சம் வைக்க முடியாது. ஒன்பது குஞ்சுக்காக ஒரு குப்பியை உடைப்பதில் அவருக்கு மனசில்லை. இரண்டு நாள் பின்தெரு வாசல் ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினார்.

குறித்த காலையில் பெண்கள் கூடையும் அட்டைப்பெட்டியும் முறமுமாகக் கொட்டகை வாசலில் கூடினார்கள். தெருவே கீச்சிட்டது. மருந்தகத்துப் பையன் பனிக்கட்டிப் பெட்டியோடு உட்கார, அப்பத்தா குஞ்சைப் பிடித்துக் கட்டைவிரலால் கண்ணைத் திறந்து காட்டுவார். ஒரு சொட்டு விழும். குஞ்சு கண்ணை மூடித் திறக்கும்வரை விடமாட்டார். தன் ஒன்பதையும் கடைசியில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தபின் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற சிறுவனைக் கூப்பிட்டார்.

“எலேய், கடைசி வீட்டுக்கு ஓடு. அவ கோழியும் பொரிச்சிருக்குன்னாக. ஐஸு கரையுறதுக்குள்ள குஞ்சத் தூக்கிட்டு வெரசா வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு.”