காலுக்குப் பதில் ஒரு நெம்புகோல்



நெம்புகோல் பாடம் நடத்தும்போது கடப்பாரை, கத்தரிக்கோல், பாக்குவெட்டி என்றுதான் உதாரணம் சொல்வேன். இன்று வகுப்பு இருந்தால் என் பழைய மாணவர் ஒருவரின் காரையும் சேர்த்துக்கொள்வேன்.

சிறு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவர் அவர். இப்போது ஐம்பதை நெருங்குகிறார். போன மாதம் அவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரை போய் வந்தேன்.

கியர் போடத் தேவையில்லாத ஆட்டோமேட்டிக் கார். அதனால் கிளட்ச் இல்லை. ஸ்டியரிங்குக்குக் கீழே இடப்பக்கம் ஓர் இரும்பு லீவர். இழுத்தால் ஆக்சிலேட்டர், தள்ளினால் பிரேக். இரண்டு கம்பிகள் அதிலிருந்து இறங்கி, காலால் மிதிக்கும் அதே பெடல்களோடு சேர்கின்றன. வலக்கை ஸ்டியரிங்கில் பொருத்திய குமிழைப் பிடித்துத் திருப்புகிறது. அவ்வளவுதான். பெடல்கள் அப்படியே இருப்பதால் அவர் மனைவியும் அதே காரைக் காலால் ஓட்டுகிறார்.

பிரேக்குக்கு ஏன் தள்ள வேண்டும், இழுத்தால் ஆகாதா? திடீரென்று வண்டி நிற்கும்போது நம் உடம்பு முன்னால் சாயும். அந்தச் சாய்வில் கையும் முன்னால் போகும். தள்ளுவது பிரேக் என்றால் பிரேக்தான் இன்னும் அழுந்தும். அதுவே ஆக்சிலேட்டராக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாம் கரும்பலகையில் எழுதிப்போட்ட நிலைமம் இங்கே உயிரைக் காப்பாற்றுகிறது.

காலின் பலம் கைக்கு ஏது என்று கேட்பீர்கள். பிரேக் பெடலே ஒரு நெம்புகோல்தான். அதோடு இன்ஜின் ஓடும்போது பூஸ்டரும் அழுத்தத்தைக் கூட்டித் தருகிறது. கைக்கு அது போதும்.

இது புதிதும் அல்ல. 1921-ல் கால்கள் செயலிழந்த அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், கைகளால் இயக்கும்படி மாற்றிய 1936-ஆம் ஆண்டு ஃபோர்டு காரைத் தன் ஊரான ஹைட் பார்க்கில் தானே ஓட்டினார். அந்தக் கார் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் என் மாணவருக்கு லைசென்ஸ் லேசில் கிடைக்கவில்லை. ஓர் அலுவலகத்தில் நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். எல்லாரும் அவர் காலைப் பார்த்தார்களே தவிர, ஓட்டச் சொல்லிப் பார்க்கவில்லை. ஐந்தாம் முறை புதிதாக வந்த அதிகாரி, "ஓட்டிக்காட்டுங்க" என்றார். ஓட்டிக்காட்டினார். கிடைத்தது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இவர்களுக்கான வண்டியை 'இன்வேலிட் கேரேஜ்' என்றது. இன்வேலிட் என்றால் நோயாளி. செல்லாதது என்றும் ஒரு பொருள் உண்டு. 2019 திருத்தத்தில்தான் அது 'மாற்றியமைக்கப்பட்ட வாகனம்' ஆனது. பெயர் மாற 31 வருடம்.

வழியில் அவர் சொன்னார்: "முன்னாடியெல்லாம் மச்சானுக்கு எப்ப லீவுன்னு பாத்துத்தான் சார் ஒரு நல்லது கெட்டதுக்குக் கிளம்புவோம். இப்ப அம்மாவ கண் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போறேன்." அந்த அம்மா அவரை இடுப்பில் சுமந்து வந்து வகுப்பில் உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை.

உங்களுக்குத் தெரிந்த யாராவது, கால் சரியில்லை என்பதாலேயே கார் ஓட்டும் ஆசையை விட்டிருந்தால் இதைச் சொல்லுங்கள். லீவர் பொருத்தியதை ஆர்.சி.யில் பதிய வேண்டும். லைசென்ஸும் அந்த வகைக்கே எடுக்க வேண்டும். அந்த வண்டியை ஓட்டத் தகுதி இருக்கிறதா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. திருப்பி அனுப்பினால், "ஓட்டிக்காட்டுகிறேன், பாருங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள்.