இரண்டாவது பிரதி

மெல்பேர்ணின் கிழக்குப் புறநகரில் ஒரு வைத்தியசாலை நூலகத்தில் 1994 முதல் பதினெட்டு ஆண்டுகள் வேலை செய்தேன். பெரிய மண்டபத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். எக்ஸ்ரே பகுதிக்குப் பின்னால் ஒரேயொரு அறை. நூலகரும் நான்தான், உதவியாளரும் நான்தான், போட்டோக்கொப்பி மெசினுக்குத் தாள் வைப்பவளும் நான்தான்.

வைத்தியர்கள் கேட்பதில் பாதி எங்களிடம் இல்லை என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. மருத்துவச் சஞ்சிகைகளின் சந்தா விலைக்கு எந்தச் சிறிய நூலகமும் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது. அதனால் அவுஸ்திரேலிய வைத்தியசாலை நூலகங்கள் தமக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தன. ‘கிராட்டிஸ்’ என்று பெயர். இலவசம் என்று பொருள். உன்னிடம் இல்லாத கட்டுரையை என்னிடம் கேள், பிரதி எடுத்து அனுப்புகிறேன், பில் வராது. நாளைக்கு நான் கேட்பேன். சாரம் அவ்வளவுதான்.

ஊரில் எங்கள் ஒழுங்கையில் உலக்கையும் ஆட்டுக்கல்லும் வீட்டுக்கு வீடு போய்வந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் சம்பளத்துக்குச் செய்யும் வேலையில் இது எவ்வளவு தூரம் நடக்கும் என்று எனக்குள் ஒரு சந்தேகம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நாட்டுப்புறத்திலிருந்த ஒரு சிறிய வைத்தியசாலையிலிருந்து தொலைநகல் வந்தது. அவர்கள் கேட்ட இதழ் மேல்தட்டில், தடித்த கட்டில் இருந்தது. ஏணி வைத்து ஏற வேண்டும். மகளை ஆறு மணிக்குள் கூட்டிவர வேண்டும். திங்கள் பார்ப்போம் என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

திங்கள் காலை அனுப்பினேன். அங்கிருந்த நூலகர் தொலைபேசியில் நன்றி சொன்னார். “நோயாளியைச் சனிக்கிழமையே மெல்பேர்ணுக்கு அனுப்பிவிட்டார்கள். பரவாயில்லை, டொக்டர் அடுத்த முறைக்கு வைத்துக்கொள்வார்.” அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கும் ஒரு பதில் இருந்திருக்கும். அதற்குப் பிறகு என் மேசையில் ஒரு கோரிக்கையும் இரவு தங்கியதில்லை.

எந்தப் புத்தகம் எந்த நூலகத்தில் இருக்கிறது என்று பார்க்க, கன்பராவின் தேசிய நூலகம் நடத்திய பொதுப் பட்டியல் ஒன்று இருந்தது. அது தொடங்கியது 1981இல் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 97,000 அளவிலான நூல்கள். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா பல நாள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: “இதெல்லாம் வேறை எங்கையாவது இருக்குமோ?” ஊரில் எவருக்கும் பதில் தெரியவில்லை. நான் நூலகராகப் படித்ததற்கு அந்தக் கேள்விதான் காரணம் என்பது அந்த வகுப்பில் இருந்தபோதுதான் எனக்கே விளங்கியது.

2012இல் எங்கள் நூலகத்தை மூடினார்கள். எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்றார்கள். உண்மைதான். ஆனால் இணையச் சந்தாவின் ஒப்பந்தம், யாருக்குப் பகிரலாம் என்பதையும் வெளியீட்டாளரே தீர்மானிக்கும்படி எழுதப்பட்டிருக்கலாம். தட்டிலிருந்த இதழுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கடைசி மாதம் முழுவதும் மற்ற நூலகங்களுக்குப் பட்டியல் அனுப்பினேன். வேறெங்கும் இல்லாத இதழ்களை முதலில் பெட்டியில் கட்டி, கேட்டவர்களுக்கு அனுப்பினேன். மிச்சம் கழிவுத்தாள் லொறியில் போனது. அறை இப்போது கூட்ட மண்டபம்.

2005இல் தொடங்கிய ‘நூலகம்’ இணையத் திட்டத்தில் ஈழத்து நூல்களும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருப்பதை அறிவீர்கள். இன்னும் எத்தனையோ இதழ்கள் இங்கே சிட்னியிலும் மெல்பேர்ணிலும் அலுமாரிகளுக்குள் இருக்கின்றன: பாடசாலை ஆண்டு மலர்கள், சங்க மலர்கள், கல்வெட்டுகள். நானும் மகளும் சனிக்கிழமைகளில் வீடு வீடாகப் போகிறோம். அவள் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். ஸ்கான் செய்வதில் என்னைவிடக் கெட்டிக்காரி.

போன மாதம் டண்டினோங்கில் ஒரு வயதான அம்மா, கணவர் சேர்த்து வைத்த சஞ்சிகைக் கட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

“தந்தால் திரும்பி வருமோ, பிள்ளை?”

“வரும் அன்ரி. அடுத்த சனி நானே கொண்டுவந்து தருவன். பிறகு இது இன்னொரு இடத்திலையும் இருக்கும்.”

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கட்டின் நூலை அவிழ்த்தார். மேலிருந்த இரண்டை மட்டும் தந்தார். அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கே போய்விட்டோம்.