திருகைத் தொடுவதற்கு முன்

பென்சில்வேனியாவில் மான் வேட்டையின் முக்கிய ரைபிள் சீசன் நவம்பர் கடைசியில் தொடங்கும். அக்டோபரிலேயே எங்கள் பட்டறை மேசையில் ரெமிங்டன் 700 ரைபிள்கள் சேர்ந்துவிடும். அவற்றில் பலவற்றில் கம்பெனி டிரிகர் இருக்காது. யாரோ கழற்றி விற்ற வெளிக் கம்பெனி டிரிகரைக் குறைந்த விலைக்கு வாங்கி, வீட்டிலேயே மாட்டியிருப்பார்கள். போல்ட்டை அழுத்தி மூடினால் தானாக அடித்துவிடுகிறது என்பார் ஒருவர். குளிரில் விசை இழுத்த இடத்திலேயே நிற்கிறது என்பார் இன்னொருவர். வேலை கற்க வரும் பிள்ளைகளின் கை உடனே ஆலன் கீயைத் தேடும். அந்தக் கையைத்தான் முதலில் நிறுத்துகிறேன்.

பழைய டிரிகரில் திருகு நிற்கும் இடம் ஒரு சாட்சி. அதன் மேல் பூசிய அரக்கு உடைந்திருக்கிறதா, தலை மழுங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே முன்பு வைத்திருந்தவர் எதை நோண்டினார் என்று தெரிந்துவிடும். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் லூப்பைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, எதையும் தொடாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருப்பார். கால் சுற்று திருகுவதாக இருந்தாலும் பழைய நிலையைத் தாளில் வரைந்துகொண்ட பிறகுதான். தடித்த, வெடிப்பு விழுந்த விரல்கள் அவருக்கு. ஆனால் பயரிங் பின்னைப் பிடித்து நிறுத்தும் சியரின் விளிம்பில் ஒரு துளி பிசிர் இருந்தாலும் விசையை இழுக்கும்போதே சொல்லிவிடுவார்.

சோதனையை வெற்றுத் துப்பாக்கியில்தான் செய்ய வேண்டும். சேம்பரைக் கண்ணாலும் பார், சுண்டுவிரலை விட்டும் பார். தோட்டா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. போல்ட்டை வேகமாக அறைந்து மூடு. ரப்பர் சுத்தியலால் ரிசீவரைச் சுற்றித் தட்டு. பிறகு சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்து விடு; சேஃப்டியை எடு. அந்த நொடியில் பயரிங் பின் விழுந்தால், விசை தன் இடத்துக்குத் திரும்பவில்லை என்று பொருள். பிள்ளைகள் அதிகம் தவறவிடுவது இந்தக் கடைசிச் சோதனையைத்தான். ஆபத்து அதிகமும் இதில்தான். வேட்டைக்காரர் காட்டில் சேஃப்டியை எடுக்கும் நேரத்தில் அவர் விரல் விசையில்கூட இருக்காது.

இதே சோதனைகளை ஸ்டாக் என்னும் மரக்கட்டையிலிருந்து ஆக்ஷனைக் கழற்றிவிட்டு மறுபடி செய்ய வேண்டும். ஒரு ரைபிள் மூன்று கடை சுற்றி எங்களிடம் வந்தது. எல்லோரும் சியர் பிடிப்பைக் கூட்டிக் கூட்டி, விசை கல்லைப் போல் இறுகியிருந்தது. கட்டையிலிருந்து கழற்றிச் சோதித்தால் பழுது ஒன்றுமே இல்லை. வெளிக் கம்பெனி டிரிகரின் கூடு பழையதைவிடக் கொஞ்சம் அகலம். ஸ்டாக் திருகுகளை முறுக்கியதும் கட்டைப் பள்ளத்தின் இடது சுவர் அதை நெருக்கியது. ஆசான் கூட்டில் புகைக்கரி தடவி, மாட்டிக் கழற்றினார். மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவினார். பிறகு திருகுகளை ஒவ்வொன்றாகப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். அன்று பகல் முழுக்க அதிலேயே போனது. நான் பக்கத்தில் நின்று விளக்கைப் பிடித்தேன்.

கட்டையில் குற்றம் இல்லையென்றால் அடுத்தது அழுக்கு. ஸ்பிரே எண்ணெயைக் கூட்டுக்குள் அடித்துவிடுகிறார்கள். அது காய்ந்து பிசினாகி, பனியில் இறுகும். லைட்டர் பெட்ரோலை ஊற்றி, அசைத்து, வடிவது தெளியும்வரை அலசு. உலரவிடு. அதற்குமேல் எண்ணெய் வேண்டாம். திருகில் போடும் லாக் பசையும் அப்படித்தான். ஒரு சொட்டு கூடினால் உள்ளே வழிந்துவிடும். 2014இல் ரெமிங்டன் தன் எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகர்களைத் திரும்பப் பெற்றபோது சொன்ன காரணமே, பூட்டும்போது பசை அதிகமாகிப் போயிருக்கலாம் என்பதுதான். தொழிற்சாலைக்கே அந்த நிலை. நாம் குண்டூசி முனையால்தான் தொட்டு வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகே திருகு. முதலில் சியர் பிடிப்பு, பிறகு ஓவர் டிராவல், அதாவது சியர் விட்ட பிறகும் விசை நகரும் தூரம், கடைசியில் விசையை இழுக்கும் எடை. பெஞ்ச்ரெஸ்ட் ஆட்டக்காரர்கள் 2 அவுன்ஸில் சுடுகிறார்கள். அவர்கள் மேசையில் வைத்துச் சுடுபவர்கள். கையுறை போட்டு மலை ஏறுகிறவருக்கு 3 பவுண்டுக்குக் கீழே வைத்துத் தர மாட்டேன். கேட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

சியர் விளிம்பை யாராவது கல்லில் தேய்த்திருந்தால் அந்த டிரிகரோடு பேச்சே இல்லை. கடினமாக்கிய மேல்தோல் மிக மெல்லியது. அது போய்விட்டால் உள்ளிரும்பு சீக்கிரம் உருண்டுவிடும். வாடிக்கையாளரிடம் லூப்பைக் கொடுத்து அவரையே பார்க்கச் சொல்வேன். அவர் சம்மதித்ததும் வைஸில் வைத்து நசுக்கிப் பழைய இரும்போடு போட்டுவிடுகிறோம். உதிரிக்காகக்கூட எடுத்து வைப்பதில்லை. இன்னொருவர் ரைபிளில் அது ஏறிவிடக் கூடாது.