தூண்டிலும் தூய நீரும்

மழைக்காலத்தில் சவ்வாது மலையினின்று இறங்கும் ஓடைகள் பாலாற்றோடு கலக்கும். அவற்றில் ஆம்பூர்ப் பக்கத்துச் சிறுவர், மண்புழுவை இரையாகக் கோத்துத் தூண்டிலிட்டுக் கெண்டையும் கெளுத்தியும் பிடித்து மகிழ்ந்த காலம் உண்டு. நீலகிரி ஓடைகளிலோ, இறகாற் செய்த பொய்யீயை நீர்மேல் மிதக்கவிட்டு டிரௌட் மீனைப் பிடிப்பர். அம்மீனை வளர்த்தற்கென 1907ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. குளிர்ந்த தூய நீரிலன்றி அது வாழாது. நீரின் தூய்மைக்கு மீனே சான்று.

பாலாற்றில் அச்சான்று மறையலாயிற்று. தோல் பதனிடும் தொழில் பல்லாயிரவர்க்குச் சோறிட்டது. அதன் கழிவுநீரோ ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டுமென 1996ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மாணவர்களே! தொழிலும் வேண்டும், ஆறும் வேண்டும். மலையில் தெளிந்து பிறந்த நீர், ஊரைக் கடந்த பின்னும் தெளிந்தே ஓடுமாயின், சிறுவர்தம் தூண்டில் வறிதே திரும்பாது.