புளிக்கும் கனியின் ஊர்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரிலுள்ள சவுத்வெல் என்னும் சிற்றூரை நாம் நெருங்கியபோது, பேராலயத்தின் இரு கூம்புக் கோபுரங்களே முதலில் கண்ணுக்குப் புலப்பட்டன. ஆயினும் நாம் நாடிச் சென்றது, அவ்வூரின் சர்ச் தெருவில் முளைத்த பிராம்லி என்னும் ஆப்பிளின் வரலாற்றை.

1809-ஆம் ஆண்டில் மேரி ஆன் பிரெயில்ஸ்போர்டு என்னும் இளம்பெண் அங்கே சில விதைகளை ஊன்றினாள். ஆப்பிள் விதை தாய்மரத்தின் இயல்பை அப்படியே தருவதில்லை. முளைத்ததோ எங்குமில்லாத புதுவகை. 1846-இல் அவ்வீட்டை வாங்கியவர் மேத்யூ பிராம்லி என்னும் இறைச்சிக் கடைக்காரர். பத்தாண்டுகட்குப் பின் ஒட்டுக்குச்சி கேட்டு வந்த ஹென்றி மெர்ரிவெதர் என்னும் இளைஞரிடம் அவர் விதித்த நிபந்தனை ஒன்றே: கனி தம் பெயரைத் தாங்க வேண்டும்! விதைத்தவளோ அதன் புகழை அறியாமலே 1852-இல் மறைந்திருந்தாள். நமக்கு இது சற்று உறுத்தவே செய்தது.

பெரிய, பசிய, சற்றே தட்டையான கனி. பச்சையாகக் கடித்தோம்; பல் கூசிற்று. சர்க்கரை குறைவு, அமிலம் மிகுதி. ஆனால் அடுப்பிலேறினால் பஞ்சுபோல் நுரைத்துக் குழைகிறது. புளிப்பும் மணமும் குன்றுவதில்லை. விடுதியில் பரிமாறிய ஆப்பிள் பையை உண்டபின் பல்கூச்சத்தை மறந்தோம்.

1900-ஐ ஒட்டிய ஒரு புயலில் மூலமரம் சாய்ந்தது. சாய்ந்த அடிமரமே மீண்டும் துளிர்த்தது. பின்னாளில் வேரை அழிக்கும் பூஞ்சை அதனைப் பற்றியது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தார் அதன் திசுவிலிருந்து வளர்த்த கன்றுகள் இன்று மரங்களாகிக் காய்க்கின்றன.