பெரிய வியாழனும் வாக்குச்சாவடியும்

2019 மார்ச் 10 அன்று மக்களவைத் தேர்தல் தேதிகள் வெளியாயின. தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 18. சில நாளில் கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவிலிருக்கும் ஒரு குப்பத்திலிருந்து பெரியவர் ஒருவர் செங்கல்பட்டில் என் அறைக்கு வந்தார். வாக்குப்பதிவு நாள் பெரிய வியாழன். ஊர் வாக்குச்சாவடியோ மாதா கோயில் வளாகத்துப் பள்ளிக்கூடம். சாயங்காலம் அங்கேதான் பாதம் கழுவும் பூசை, அப்புறம் நள்ளிரவு வரை ஆராதனை. அந்த வருஷம் பாதம் கழுவப்படும் பன்னிரண்டு பேரில் அவரும் ஒருவர்.

தேதியை மாற்றக் கோரி மளமளவென்று மனு எழுதிவிட்டேன். வாசித்துக் காட்டியதும் தலையை ஆட்டினார். “தேதிய ஏன் வக்கீலய்யா தொடுறீங்க? பொட்டிய வேற எங்கயாச்சும் வைக்கச் சொல்லுங்க, போதும்.”

அவர் சொன்னதன் சட்டக் கனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களும் தேதியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தன. கிறிஸ்தவர்கள் பெரிய வியாழனைச் சொன்னார்கள். மதுரைக்காரர்கள் அதே நாளில் வரும் சித்திரைத் தேரோட்டத்தைச் சொன்னார்கள். நீதிமன்றம் தேதியைத் தொடவில்லை. தேர்தல் நடவடிக்கை தொடங்கிய பிறகு நீதிமன்றம் குறுக்கிடாது என்பது 1952இல் நாமக்கல் பொன்னுசாமி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் வகுத்த வழி. அரசியல் சாசனத்தின் 329ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. அதே 2019இல் கனடாவில் வாக்குப்பதிவு யூதர்களின் ஷெமினி அட்செரெட் திருநாளன்று வந்தது. மறுபடி பரிசீலிக்கும்படி நீதிமன்றம் சொல்லியும், தலைமைத் தேர்தல் அதிகாரி தேதியை மாற்றவில்லை.

தேர்தல் ஆணையமே மனம் வைத்தால் தேதி நகரும். குரு ரவிதாஸ் ஜெயந்திக்காகப் பஞ்சாபில் 2022இல் நகர்ந்தது, கல்பாத்தித் தேருக்காகப் பாலக்காட்டில் 2024இல் நகர்ந்தது. ஆனால் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் தேதிக்கு 30ஆம் பிரிவு, நேரத்துக்கு 56, வாக்குச்சாவடிக்கு 25. மூன்றும் தனித்தனி. மதுரைக்குக் கிடைத்தது நேரம்: இரவு எட்டு மணி வரை வாக்குப்பதிவு. எங்கள் குப்பத்துக்கு அது மருந்தல்ல, நோய். பூசை நேரத்தில் வளாகம் இன்னும் இரண்டு மணி நேரம் பூட்டப்பட்டிருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்தது இடம் மட்டுமே. மனுவின் கோரிக்கைப் பகுதியில் முதல் வரியாக அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

மனுவைத் திருத்திக் கொடுத்தோம். பதில் வரவில்லை. முதலிலேயே சரியாக எழுதியிருந்தால் கையில் இன்னும் சில நாட்கள் இருந்திருக்கும் என்ற குறுகுறுப்பு இன்னும் போகவில்லை.

வாக்குப்பதிவன்று நானும் போனேன். திருப்போரூர் சட்டமன்ற இடைத்தேர்தலும் அன்றே என்பதால் ஆளுக்கு இரண்டு ஓட்டு, வரிசை நகரவேயில்லை. ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்குச் சீட்டு கொடுத்தார்கள். அவர்கள் போட்டு முடித்து, இயந்திரங்களுக்குச் சீல் வைத்து, வண்டி கிளம்பும்வரை சனம் வெளியே மணலில் உட்கார்ந்திருந்தது. கைக்குழந்தைகள் தூங்கிவிட்டன. சாமியார் பூசையைத் தள்ளிவைத்துக் காத்திருந்தார்.

எட்டரை மணி தாண்டித்தான் கதவு திறந்தது. பன்னிரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமியார் குனிந்து தண்ணீர் ஊற்றும்போது பெரியவர் இடது கையை முழங்கால்மேல் வைத்திருந்தார். ஆள்காட்டி விரலில் மை.